மறுத்து வந்த கடிதம் கடைசிக் கடிதம் அல்ல

வீடும் சட்டமும்



இந்த முறை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். வேலூர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

“அக்கா, என் வீட்டுக்காரர் பீரங்கிப் படையிலே பதினேழு வருஷம் இருந்துட்டு, 2023 ஆரம்பத்திலே ஹவில்தாரா ஓய்வு பெற்று வந்தார். சர்வீஸ் பென்ஷன் வருது. ஆனா காது சரியில்லே. ராத்திரியெல்லாம் காதுக்குள்ளே ‘ஙொய்’ன்னு சத்தம் கேக்குதாம். நான் பேசினா, ‘என்ன? என்ன?’ங்கறார். கடைசியா நடந்த மெடிக்கல் போர்டிலே இருபது சதவிகிதம் பாதிப்புன்னு எழுதியிருக்காங்க. ஆனா அது ராணுவ வேலையாலே வந்தது இல்லேன்னு சொல்லி, டிஸபிலிட்டி பென்ஷன் கிடையாதுன்னு அந்த வருஷமே லெட்டர் வந்திடுச்சு. அவர் அதை பீரோவிலே போட்டுட்டு, ‘விடு, சர்க்காரோட மல்லுக்கு நிக்க முடியுமா?’ங்கறார். ஒரு கம்பெனியிலே காவல் வேலைக்குப் போனார். வாக்கி டாக்கியிலே சொல்றது கேக்கலேன்னு நிறுத்திட்டாங்க. ரெண்டு பெண் குழந்தைங்க. இனிமேயும் ஏதாவது வழி இருக்கா?”

வழி இருக்கிறது, சகோதரி. ஆனால் “குடும்பம் கஷ்டப்படுகிறது, கருணை காட்டுங்கள்” என்று மனு எழுதுவது அந்த வழி இல்லை. என்ன காரணம் சொல்லி மறுத்தார்களோ, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஏற்கெனவே உள்ள காகிதமும், புதிதாக ஒரு மருத்துவச் சான்றும் சேர வேண்டும். பட்டாளத்து வீடுகள் நம் மாநிலத்தில் ஏராளம். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போன ஊர்களும் உண்டு. ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

இரண்டு பூட்டு, இரண்டு சாவி

முதலில் பீரோவிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, நிதானமாகப் படியுங்கள். டிஸபிலிட்டி பென்ஷன் என்கிற இயலாமை ஓய்வூதியத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அந்த நோயோ காயமோ படைப்பணியால் ஏற்பட்டிருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே இருந்தது படைப்பணியால் அதிகமாகியிருக்க வேண்டும். இரண்டு, உங்கள் கணவரைப் போல வேலைக்காலம் முடிந்து வருகிறவர்களுக்குப் பாதிப்பு குறைந்தது 20 சதவிகிதமாவது இருக்க வேண்டும்.

சிலருக்கு முதல் பூட்டு திறக்காது, சிலருக்கு இரண்டாவது. எது என்று தெரியாமல் சாவி தேடக் கூடாது. சதவிகிதம் போதவில்லை என்று மறுத்திருந்தால், பாதிப்பு அதிகம் என்று காட்டும் பரிசோதனை வேண்டும். “படைப்பணியால் ஏற்பட்டதும் இல்லை, அதிகமானதும் இல்லை” என்று மறுத்திருந்தால், நோய் எதனால் வந்தது என்று சொல்லும் சான்று வேண்டும். நம் சகோதரியின் வீட்டில் சதவிகிதம் இருபது என்று போர்டே எழுதிவிட்டது. ஆகவே பிரச்சினை முதல் பூட்டில்தான். “அவருக்குக் காது கேட்பதில்லை” என்று இன்னும் பத்து டாக்டரிடம் எழுதி வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. அதை யாரும் மறுக்கவில்லையே!

சட்டம் யார் பக்கம்?

இங்கே ஒரு நல்ல செய்தி. 1982-ஆம் ஆண்டு விதிகளிலும் சரி, அவற்றை மாற்றி 2008-இல் வந்த விதிகளிலும் சரி, “என் நோய் வேலையால்தான் வந்தது” என்று நிரூபிக்கும் பாரம் பொதுவாகச் சிப்பாயின் தலையில் வைக்கப்படவில்லை. பணியை விட்டு வந்து 15 ஆண்டு கழித்துக் கேட்டால்தான் 2008 விதிகளின்படி அந்தப் பாரம் அவர்மேல் வரும். அதற்குள் பழைய காகிதங்களை அழித்துவிடுவார்கள் என்பது காரணம்.

இதைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தந்தது. அவர் 1985-இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். ஒன்பது வருஷம் போல வேலை செய்த பிறகு வலிப்பு நோய் என்று 1994-இல் வெளியே அனுப்பப்பட்டார். பாதிப்பு 20 சதவிகிதம். ஆனால் “ராணுவப் பணிக்குச் சம்பந்தமில்லை” என்று போர்டு எழுதியதால் பென்ஷன் கிடைக்கவில்லை. சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? சேரும்போது நன்றாகப் பரிசோதித்துத்தானே எடுத்தீர்கள்? அப்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால், அது பணிக்காலத்தில் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்கிற போர்டு, ஏன் இல்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். காரணமே எழுதாமல் ஒரு வரியில் மறுப்பது செல்லாது. இப்படிச் சொல்லி அவருக்கு பென்ஷன் கொடுக்க உத்தரவிட்டது. 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் இதையே உறுதி செய்தது.

அதற்காக எல்லோரும் ஜெயிப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய் பற்றிய கோரிக்கையை அதே சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. சேரும்போது செய்கிற பரிசோதனையில் எல்லா மனநோயும் தெரிந்துவிடாது, எனவே குறிப்பு இல்லாததை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது என்றது. மருத்துவ போர்டு நிபுணர்களின் கருத்துக்கு நீதிமன்றங்கள் பெரிய மதிப்புக் கொடுக்கின்றன. அதனால்தான் “தீர்ப்பு இருக்கிறது” என்று சும்மா இருந்துவிடாமல், நம் பக்கத்து மருத்துவச் சான்றையும் பலமாக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. அந்தத் தேதிக்குப் பிறகு வெளிவந்தவர்களுக்குப் பெயர்களும் நிபந்தனைகளும் மாறியிருக்கின்றன. நான் கீழே எழுதுவது அதற்கு முன்னால் வெளிவந்தவர்களுக்கு. பின்னால் வந்தவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் புது விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நடவடிக்கை எடுக்கவும்.

முதலில் காகிதம், பிறகு டாக்டர்

பலர் அவசரப்பட்டு முதலில் டாக்டரிடம் ஓடுகிறார்கள். தவறு. டாக்டர் படிப்பதற்குக் காகிதம் வேண்டாமா? கீழே சொல்பவற்றைச் சேகரியுங்கள்.

மறுப்புக் கடிதம். அதில் காரணமும், யாருக்கு, எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் இருக்கும்.

ஓய்வு பெறும்போது நடந்த மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கை. கடைசிப் பக்கம் மட்டும் போதாது. அதில்தான் போர்டு டாக்டர்கள் எழுதிய காரணம், அல்லது காரணம் இல்லாத வெறும் ஒரு வரி இருக்கும்.

சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனை. ராணுவத்தில் உடல் தகுதியை ‘ஷேப்’ என்று ஐந்து பகுதியாகப் பிரித்து எழுதுவார்கள்: மனநிலை, காது, கை கால்கள், பொது உடல்நிலை, கண். சேரும்போது காதுக்கு நேரே ‘1’ என்று இருந்தால், காது அப்போது நன்றாக இருந்தது என்று அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது!

வருஷாந்திர மருத்துவப் பரிசோதனைகள். ‘1’ ஆக இருந்தது எந்த வருஷம் ‘2’ ஆனது? அந்த வருஷம் அவர் எங்கே, என்ன வேலையில் இருந்தார்? அந்தப் பயிற்சியிலோ பணியிலோ பீரங்கி சுட்டார்களா?

எந்தெந்த ஊரில், எந்தெந்தப் பிரிவில் வேலை செய்தார் என்கிற பட்டியல். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவின் நகல், ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்த சீட்டு, வாங்கிய மருந்துச் சீட்டு எல்லாமும்.

கையில் இல்லாததை அவருடைய ரெக்கார்டு ஆபீசிலிருந்து கேட்டு வாங்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டனில், பீரங்கிப் படைக்கு நாசிக்கில், சிக்னல்ஸுக்கு ஜபல்பூரில் என்று பிரிவுக்குப் பிரிவு ஊர் மாறும். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி அந்த ஆபீசின் பொதுத் தகவல் அதிகாரிக்கு மனு போடுங்கள். கட்டணம் பத்தே ரூபாய். போஸ்டல் ஆர்டராக வைக்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவில் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். சொந்த மருத்துவக் காகிதத்தை அவரே கேட்டால் சிக்கல் இல்லை.

புதிய சான்று என்றால் எது?

இனி முக்கியமான இடம். “இவருக்கு இரு காதும் மந்தம். ராணுவப் பணியால் வந்திருக்கலாம்” என்று லெட்டர் பேப்பரில் இரண்டு வரி எழுதி வாங்கினால் அது புதிய சான்று ஆகாது. போர்டு பார்க்காத ஒன்றைக் காட்டுவதும், போர்டு சொன்ன காரணம் ஏன் பொருந்தாது என்று விளக்குவதும்தான் புதிய சான்று.

காது விஷயத்தில் அது எப்படி என்று பாருங்கள். பீரங்கி வெடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் காதுக்கு 140 டெசிபலுக்கும் மேலான சத்தம் ஒரு நொடிக்குள் போய் அடிக்கிறது. உள்காதில் நத்தை ஓடு போல ஒரு பகுதி இருக்கிறது. அதில் மெல்லிய மயிர் போன்ற நுனிகளைக் கொண்ட செல்கள்தான் சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. பெரும் சத்தம் அவற்றைச் சாய்த்துவிடும். மனிதருக்கு அவை ஒரு முறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

இப்படிச் சத்தத்தால் கெட்ட காதுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஆடியோகிராம் என்கிற கேட்டல் பரிசோதனையில், தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எது கேட்கிறது என்று கோடு போடுவார்கள். சத்தத்தால் கெட்ட காதில் அந்தக் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளமாக இறங்கி, 8000-இல் மறுபடி சற்று ஏறும். வயசாகி மந்தமாகும் காதில் கோடு பொதுவாகச் சரிவாக இறங்கிக்கொண்டே போகும், ஏறாது. நாற்பது வயசுக்குள் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பள்ளம் தெரிந்தால், “இது சத்தத்தால் வந்தது” என்று டாக்டர் சொல்ல அது நல்ல ஆதாரம். பள்ளம் தெரியாவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. நாளாக நாளாகப் பக்கத்து ஒலிகளும் கெட்டு, பள்ளம் மறைந்துபோவதும் உண்டு. அப்போது வேலையில் இருக்கும்போது எடுத்த பழைய ஆடியோகிராம்தான் உதவும். சத்தத்தை விட்டு விலகிய பிறகு இந்த வகைச் செவிடு பொதுவாக வேகமாக வளர்வதில்லை. அதனாலும் வேலைக்காலத்துப் பரிசோதனைக்கு மதிப்பு அதிகம்.

பரிசோதனைக்குப் போகும் முன்: காதில் அழுக்கு அடைத்திருந்தால் டாக்டரிடம் எடுத்துவிட்டுப் போக வேண்டும். முந்தைய நாள் மேளம், பட்டாசு, ஒலிபெருக்கிப் பக்கம் நிற்கக் கூடாது. தற்காலிக மந்தம் கணக்கைக் கெடுக்கும். “கொஞ்சம் கேக்காத மாதிரி நடிங்க” என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெரா என்று மூளையின் பதிலை நேராக அளக்கும் பரிசோதனை இருக்கிறது. நடிப்பு அதில் வெளுத்துவிடும். அப்புறம் உண்மையும் நம்பப்படாது.

யாரிடம் போவது? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். திட்டம் 2003 முதல் நடக்கிறது. அதில் சேர்ந்திருந்தால் பாலிகிளினிக்கில் காட்டி, சிபாரிசுச் சீட்டோடு நிபுணரைப் பார்க்கலாம்.

டாக்டரிடம் என்ன கேட்பது?

டாக்டருக்கு அவசரம். நமக்கோ தயக்கம். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவருடைய கருத்துக் கடிதத்தில் ஐந்து விஷயம் இருக்கும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

1. என்ன நோய், எந்தப் பரிசோதனையில் தெரிந்தது, தேதி என்ன.

2. எந்தெந்த ராணுவக் காகிதத்தைப் படித்துப் பார்த்தார். சேரும்போது காது நன்றாக இருந்தது, இந்த வருஷம் குறைந்தது என்கிற விவரத்தோடு.

3. எத்தனை வருஷம், எந்த மாதிரி சத்தத்தில் வேலை செய்தார்.

4. வேறு காரணம் உண்டா? சிறு வயதில் காதில் சீழ், சர்க்கரை வியாதி, பரம்பரைச் செவிடு, காதைக் கெடுக்கும் சில ஊசி மருந்துகள், இவற்றையெல்லாம் டாக்டர் விசாரிப்பார். இருந்தால் மறைக்க வேண்டாம். “இருந்தும் ஏன் சத்தமே பெரிய காரணம்” என்று அவர் எழுதினால் அதற்குத்தான் மதிப்பு.

5. போர்டு சொன்ன காரணத்துக்கு நேர் பதில். “குறிப்பிட்ட விபத்து எதுவும் பதிவாகவில்லை” என்று போர்டு எழுதியிருந்தால், “இந்த வகைச் செவிடு ஒரே விபத்தில்தான் வர வேண்டும் என்பதில்லை, பல வருஷ சத்தத்தில் சிறிது சிறிதாகவும் வரும்” என்பது போன்ற விளக்கம்.

நோய் வேறானால் ஆதாரமும் வேறு. முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ., வலிப்புக்கு ஈ.ஈ.ஜி. மாரடைப்பு என்றால், அது வருவதற்கு முந்தைய 14 நாள் அவர் என்ன வேலை செய்தார் என்பதை ராணுவ டாக்டர்களின் கையேடே முக்கியமாகப் பார்க்கச் சொல்கிறது. ஆகவே அந்த நாட்களின் பணி விவரத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் நோட்டுப் புத்தகமும் சாட்சிதான்

நோய் என்ன, எதனால் என்று சொல்ல உங்களால் முடியாது. அது டாக்டர் வேலை. ஆனால் எப்போதிலிருந்து என்று சொல்ல உங்களைவிட யார் இருக்கிறார்கள்?

லீவில் வந்தபோது ரேடியோவைப் பெரிதாக வைக்கச் சொன்னது எந்த வருஷம்? போனில் “சரியா கேக்கலே, திரும்பச் சொல்லு” என்று ஆரம்பித்தது மூத்தவள் பிறந்தபோதா, சின்னவள் பிறந்தபோதா? பெண்களுக்குக் காலம் குழந்தைகளின் பிறப்பாலும் பள்ளியில் சேர்த்ததாலும்தான் ஞாபகம் இருக்கும். அதையே வைத்து வருஷத்தைக் கணக்கிடுங்கள். பழைய கடிதங்களில் “காது வலிக்கிறது, பயிற்சியில் ரொம்ப சுட்டோம்” என்று அவர் எழுதியிருந்தால், அந்தக் கடிதம் தங்கம். கூட வேலை செய்தவர் யாராவது “ஒன்றாகப் பீரங்கியில் இருந்தோம்” என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதுவும் உதவும்.

பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தேதி நிச்சயமில்லை என்றால் “சுமார்” என்று போடுங்கள். அழகாக எழுத வேண்டும் என்பதில்லை.

மனு எங்கே, எப்போது?

முதல் மேல்முறையீடு மறுப்புக் கடிதத்தில் சொன்ன விலாசத்துக்குப் போகும். ராணுவத் தலைமையகத்தில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. கடிதம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். அங்கேயும் மறுத்தால் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழு. அதற்கும் மேலே ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது இது. சென்னையிலும் இதற்கு ஓர் அமர்வு இருப்பதால் டில்லிக்கு ஓட வேண்டாம். கடைசி மறுப்பு வந்து ஆறு மாதத்துக்குள் அங்கே மனுச் செய்ய வேண்டும். மேல்முறையீடு போட்டு ஆறு மாதம் ஆகியும் பதிலே இல்லை என்றாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். காகிதங்களைப் பார்த்து, புதிதாக மெடிக்கல் போர்டு நடத்தச் சொல்லவும் தீர்ப்பாயத்தால் முடியும்.

நம் சகோதரி வீட்டில் ஆறு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. பரவாயில்லை. தாமதத்துக்குக் காரணத்தை உண்மையாக எழுதி, பொறுத்துக்கொள்ளும்படி தனியாக ஒரு பத்தியில் கேட்க வேண்டும். தீர்ப்பாயத்துக்குத் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் சட்டத்திலேயே உண்டு.

ஆனால் தாமதத்துக்கு விலை இருக்கிறது. தர்சேம் சிங் என்பவர் 1983-இல் உடல்நிலை காரணமாக வெளியே வந்தவர். 1999-இல்தான் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் மாதா மாதம் வர வேண்டியது என்பதால் உரிமை போய்விடவில்லை. ஆனால் பழைய பாக்கியை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான் தரலாம் என்று 2008-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பதினாறு வருஷக் காத்திருப்பில் பதிமூன்று வருஷப் பணம் போனது. மூன்று வருஷத்துக்குமேல் பீரோவில் தூங்கும் கடிதம் மாதா மாதம் ஒரு மாதப் பணத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

மனு இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் போதும். மேலே அவருடைய படை எண், பதவி, பெயர், பென்ஷன் உத்தரவு எண், மறுப்புக் கடிதத்தின் எண்ணும் தேதியும். பிறகு வரிசையாக: சேரும்போது காது நன்றாக இருந்தது (இணைப்பு 1). இத்தனை வருஷம் பீரங்கிப் பிரிவில் வேலை (இணைப்பு 2). இந்த வருஷம் காது தரம் குறைக்கப்பட்டது (இணைப்பு 3). போர்டு சொன்ன காரணம் இது (இணைப்பு 4). புதிய ஆடியோகிராமும் நிபுணர் கருத்தும் காட்டுவது இது (இணைப்பு 5, 6). ஆகவே படைப்பணியால் ஏற்பட்டது என்று ஏற்று, ஓய்வு பெற்ற நாளிலிருந்து வழங்க வேண்டும். அவ்வளவுதான். அசலை அனுப்பாதீர்கள், நகல் மட்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை மனுவின் நகலோடு குத்தி வையுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

சகோதரி இதைக் கேட்கவில்லை. ஆனால் மனசில் இருக்கும் இல்லையா? 100 சதவிகிதப் பாதிப்புக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவிகிதம் என்பது கணக்கு. பாதிப்பு குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். கடைசிச் சம்பளம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 சதவிகிதத்துக்கு 15,000. 20 சதவிகிதத்துக்கு 3,000. இதிலே ஒரு சலுகை உண்டு. 50-க்குக் குறைவான பாதிப்பை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பதை 75 ஆகவும், அதற்கு மேலானதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடுவது. நடுவில் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்த இதை, காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் தரவேண்டும் என்று 2014 டிசம்பர் 10-இல் ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் முடிவு செய்தது. அப்படிப் பார்த்தால் மேற்சொன்ன 3,000 என்பது 7,500 ஆகும். அகவிலைப்படி தனி. மனுவில் இதையும் ஒரு வரியில் கேட்க மறக்காதீர்கள்.

ஜாக்கிரதை

“பாக்கிப் பணத்தில் பாதி கொடுங்க, முடிச்சுத் தர்றேன்” என்று வருகிற தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசிக் கட்டணம் வாங்க வக்கீல்களுக்கே பார் கவுன்சில் விதி அனுமதிக்கவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து, அசல் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் கணக்கின் ரகசிய எண் இவற்றை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

முதல் இரண்டு மேல்முறையீட்டுக்கு வக்கீல் அவசியம் இல்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள். 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் வீரர் குடும்பங்களுக்கான இலவசச் சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியது. படைவீரர் நல வாரியங்களில் சட்ட உதவி மையம் வைப்பது அதன் நோக்கம். உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கணவரை இழந்த சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கணவர் உயிரோடு இருந்தபோது மறுக்கப்பட்ட விஷயத்தை, மனைவி வாரிசு என்ற முறையில் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகச் சட்டம் இடம் தருகிறது. “அவரே போயிட்டார், இனி எதுக்கு” என்று காகிதங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

பதில் வரும்வரை வீட்டிலே

மனு ஒரு பக்கம் நடக்கட்டும். காது கேளாத மனிதரோடு குடும்பம் நடத்துவது இன்றைக்கே நடக்கிற விஷயம் அல்லவா? சத்தத்தால் கெட்ட காதில் முதலில் போவது உயர்ந்த ஒலிகள். ச, த, ப போன்ற எழுத்துகள் நழுவிவிடும். “கேக்குது, ஆனா புரியலே” என்று அவர் சொல்வதன் அர்த்தம் இதுதான். ஆண் குரலைவிடப் பெண் குரலும் குழந்தைக் குரலும் அவருக்குக் கஷ்டம். “மத்தவங்க பேசினா கேக்குது, நான் பேசினா மட்டும் கேக்காதா?” என்று நீங்கள் கோபித்துக்கொண்டிருந்தால், இனிமேல் வேண்டாம். அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

அடுப்படியிலிருந்து கத்தாமல் எதிரே போய் முகம் பார்த்துப் பேசுங்கள். கத்தினால் சொல் உருக்குலையும். நிதானமாகச் சொன்னால் போதும். மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். இரவில் காது இரைச்சல் தூங்கவிடாவிட்டால், முழு நிசப்தத்தைவிட மின்விசிறி போன்ற மெல்லிய சத்தம் இருந்தால் பலருக்கு ஆறுதலாக இருக்கும். காது கருவி பற்றி நிபுணரிடம் கேளுங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் வெட்கப்படுகிறார்களா என்ன? பெண் குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்: “அப்பாவுக்குக் காது பட்டாளத்திலே போனது. தோளைத் தொட்டுக் கூப்பிடு.”

இந்த வாரமே செய்ய வேண்டியவை

ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்கி, காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள்.

மெடிக்கல் போர்டு நடவடிக்கையும் சேரும்போது நடந்த பரிசோதனையும் இல்லாவிட்டால் ரெக்கார்டு ஆபீசுக்கு மனு எழுதுங்கள்.

காது நிபுணரிடம் நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விகளையும் தாளில் எழுதி வையுங்கள்.

உங்களுக்கு ஞாபகம் இருப்பதை வருஷ வாரியாக நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவதற்குள் தினம் அரை மணி ஒதுக்கினால், ஒரு மாதத்தில் கோப்பு தயாராகிவிடும். பதினேழு வருஷம் அவர் பீரங்கிப் பக்கத்தில் நின்றதைக் காகிதத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த இதழில் மற்றொரு சகோதரியின் கேள்வியோடு சந்திப்போம்.